பதினாறு அங்குலச் சக்கரமும் இடது கண்ணும்

பெங்களூருக்கு நான் போனது ஒரு சைக்கிள் வாங்க. "மஸ்கட்லேர்ந்து சைக்கிள் வாங்க பெங்களூர் வர்ற ஒரே ஆளு நீதாண்ணா" என்று என் தங்கை எஸ்தர் போனிலேயே சிரித்தாள். உன்னைப் பார்த்து மூன்று வருடமாகிறது, பத்து நாள் விடுப்பு சும்மா கிடக்கிறது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் நம்பவில்லை.

சின்னச் சக்கர சைக்கிள் என்றால் எனக்கு ஒரு கிறுக்கு. அது ஆரம்பித்தது பயத்தில்தான். ஆம்பூரில் எங்கள் தெருமுனையில் ஒரு வாடகை சைக்கிள் கடை இருந்தது. என் வயதுப் பிள்ளைகள் பெரிய வண்டியின் பாருக்கு அடியில் ஒரு காலை நுழைத்து, பாதி தொங்கிக்கொண்டே ஊரைச் சுற்றி வருவார்கள். நான் கால்வண்டியை விட்டு நகரவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்ற முடிகிற வண்டி அது. பச்சை பெயின்ட், மூடி இல்லாத மணி. மீசை அரும்பிய பிறகும், முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்க, அதையே ஓட்டினேன். "தம்பி வண்டிய எடுத்துட்டு வந்துட்டியாடா?" என்று கேலி செய்வார்கள். விழுந்தால் அதிகம் அடிபடாத உயரம், அது போதும் எனக்கு.

பிறகு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதிய நாட்களில் ஒரு பழைய இருபது அங்குல வண்டி. அதற்கும் பிறகு மஸ்கட். கட்டுமானப் பொருள் கிடங்கில் ஸ்டோர் கீப்பர் வேலை. என்னோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ்காரர் ஊருக்குத் திரும்பும்போது தன்னுடைய மஞ்சள் நிற மடக்கு சைக்கிளை என்னிடம் விட்டுப்போனார். பதினாறு அங்குலச் சக்கரம், நடுவில் ஒரு கீல். கொக்கியைத் தளர்த்தி மடித்தால் சூட்கேஸ் அளவுக்குச் சுருங்கிவிடும். பதினோரு வருடம் அது என் கட்டிலுக்கு அடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை விடிகாலையில் மத்ரா கடற்கரைச் சாலையில் அதை ஓட்டிப் போவேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மொட்டை மலை, அடியில் அந்தக் குட்டிச் சக்கரங்கள் கரகரவென்று சுற்றும் சத்தம். தனிக்கட்டையான எனக்கு வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் பண்டிகை.

போன குளிர்காலத்தில் கீல் விரிசல் விட்டது. வெல்டிங் வைத்தும் நிற்கவில்லை. அந்த மாடலை இப்போது யாரும் செய்வதில்லை. இணையத்தில் தேடிக்கொண்டே இருந்ததில், பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒருவர் அதே மாடலை, அதே மஞ்சளில், விற்பனைக்குப் போட்டிருந்தார். பார்த்த அன்றே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விமான நிலையத்திலிருந்து காக்ஸ் டவுன் வந்து சேர்வதற்குள் இருட்டிவிட்டது. பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு பெண் போனில் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்; எனக்குப் பாதி புரியும். "வந்துட்டேன், தெருமுனைதான், அஞ்சே நிமிஷம்" என்று அவர் சொன்னபோது நாங்கள் ஊருக்குள்ளேயே நுழைந்திருக்கவில்லை. மஸ்கட்டில் சாலை காலியாக இருக்கும், வண்டிகள் பறக்கும். இங்கே யாரும் பறக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் ஒரு கை நுழையாது. இதில் சைக்கிள் எங்கே ஓடும் என்று ஜன்னலில் பார்த்துக்கொண்டே வந்தேன். இடது கண்ணின் ஓரத்தில் அவ்வப்போது மின்னியது. எதிர் வண்டிகளின் விளக்கு என்று நினைத்தேன்.

எஸ்தர் பள்ளிக்கூட ஆசிரியை. கணவர் கப்பல் வேலையில் இருப்பதால் அந்தப் பழைய ஓட்டு வீட்டில் பாதி வருடம் அவள் மட்டும்தான். எனக்காக ஆம்பூர் முறையில் சீரகச் சம்பா பிரியாணியும் கத்திரிக்காய்த் தொக்கும் செய்து வைத்திருந்தாள். சாப்பிடும்போது நான் முகத்துக்கு நேரே கையை வீசிக்கொண்டிருந்தேன்.

"இன்னாண்ணா பண்ற?"

"கொசு."

"எங்க கொசு? ஒண்ணும் இல்லியே."

எனக்குக் கிட்டப்பார்வை, சின்ன வயதிலிருந்தே கனத்த கண்ணாடி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். கொசு அங்கேயேதான் இருந்தது. நான் பார்க்கும் பக்கமெல்லாம் கூடவே வந்தது.

மறுநாள் காலை தெருமுனைக் கடையில் தட்டு இட்லி தின்றுவிட்டு ஆட்டோவில் ஜோகுபாளையம் போனேன். விளம்பரம் கொடுத்தவர் ரேவதி. நாற்பது வயதிருக்கும், மென்பொருள் கம்பெனியில் வேலை. நாலு தலைமுறையாக அந்தத் தெருவிலேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். வாசலில் காய்கறிக்காரரிடம் கன்னடத்தில் பேசிக்கொண்டே என்னிடம் தமிழுக்குத் தாவினார். "பன்னி சார், உள்ள வாங்க." பன்னி என்றால் கன்னடத்தில் வாருங்கள்.

சைக்கிள் கூடத்தில் நின்றது. மணியில்கூடத் துரு இல்லை. எனக்குக் கை பரபரத்தது. இவ்வளவு நன்றாக வைத்திருக்கிறீர்களே, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ஓல்ட் மெட்ராஸ் ரோட்ல ஒரு டெம்போ பின்னாடி வந்து தட்டிருச்சு சார். வண்டிக்கு ஒண்ணும் ஆகல. எனக்குக் கை எலும்பு முறிஞ்சுது. அது சேந்துருச்சு." நெஞ்சில் விரல் வைத்துக் காட்டினார். "இது சேரல. ஒன்றரை வருஷமாச்சு, அதுல ஏறவே முடியல. ஆஃபீஸ் போக ஸ்கூட்டர் ஓட்டறேன். அதுவும் பயந்து பயந்துதான்."

ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன் என்று வண்டியை வெளியே எடுத்தேன். தெரு குறுகல்; காய்கறி வண்டி, தண்ணீர் டிரம், நிறுத்தி வைத்த பைக்குகள். ஆனாலும் இரண்டு மிதி மிதித்ததும் அந்தக் கரகரச் சத்தம் காலுக்கடியில் எழுந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தெருமுனையில் திரும்பினேன்.

அடுத்து எனக்குத் தெரிந்தது நான் தரையில் கிடந்ததுதான். இடது பக்கத்திலிருந்து வந்த ஆட்டோ ஹேண்டில்பாரை உரசி என்னைத் தள்ளிவிட்டிருந்தது. ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "ஏன்ரீ, கண்ணு காண்சல்வா?" என்று கத்தினார். முழங்கை சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. குட்டி வண்டியின் புண்ணியம். ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. அந்த ஆட்டோ என்னை இடிக்கும்வரை என் கண்ணில் படவே இல்லை.

ரேவதி ஓடி வந்தார். "சார், பட்டப்பகல்ல, அவ்ளோ பெரிய ஆட்டோ. நெஜமாவே தெரியலையா?"

வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தேன். இடது கண்ணில் உலகத்தின் ஒரு பக்கம் இல்லை. ஓரத்திலிருந்து ஒரு கறுப்புத் திரை இறங்கி, மூக்கை நோக்கி வளைந்து நின்றது. தலையை ஆட்டினால் அதுவும் லேசாக ஆடியது. நடுரோட்டில் உட்கார்ந்தபடி அதை அவரிடம் சொன்னபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அவர் போய் ஸ்கூட்டரை எடுத்து வந்தார். பின்னால் உட்கார்ந்தேன். அதே ஓல்ட் மெட்ராஸ் ரோடு. பக்கத்தில் பஸ் வந்தபோதெல்லாம் அவர் தோள் விறைத்துக்கொள்வது தெரிந்தது. நானோ வலது கண்ணைத் திறக்கவே பயந்து, பிறகு மூடவும் பயந்து, ஸ்கூட்டரின் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பயந்தாங்கொள்ளிகள் ஒரே வண்டியில்.

கண் மருத்துவமனையில் மருந்து விட்டு, விளக்கடித்து, மேலே பார், கீழே பார் என்று அரை மணி நேரம் பார்த்தார்கள். டாக்டர் இளம்பெண், தமிழில் பேசினார். "விழித்திரை பிரிஞ்சிருக்கு. நடுப்பகுதி இன்னும் ஒட்டிட்டிருக்கு, அதுதான் உங்க அதிர்ஷ்டம். அதுவும் பிரியறதுக்குள்ள ஆபரேஷன் பண்ணணும். நாளைக்குக் காலைல."

"நான் வர்ற வாரம் மஸ்கட் போகணும் டாக்டர்."

"கண்ணுக்குள்ள வாயு அடைக்கப் போறோம். அது கரையற வரைக்கும் விமானத்துல ஏறவே கூடாது. மேல போனா வாயு விரியும். பார்வை மொத்தமா போயிடும்." அவர் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "ஒரு வாரத்துக்கு முகத்தைக் குப்புற வெச்சுக்கணும். சாப்பிடறப்ப, தூங்கறப்ப, எல்லா நேரமும்."

எஸ்தர் பள்ளியிலிருந்து நேரே வந்துவிட்டாள். கையெழுத்துப் போட்டாள். அழவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு குளியலறையில் ரொம்ப நேரம் குழாயைத் திறந்து வைத்திருந்தாள்.

மறுநாள் காலை ஆபரேஷன். மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைப்பார்கள் என்று நம்பிப் போயிருந்தேன். கண்ணைச் சுற்றி ஊசி போட்டதோடு சரி. முழு நினைவோடு கிடந்தேன். முகத்தின்மேல் துணி. "அசையாதீங்க" என்று ஒரு குரல். அசையாதே என்று சொன்னதும் உடம்பில் இல்லாத இடமெல்லாம் அரிக்க ஆரம்பித்தது. தலைமாட்டில் நர்ஸுகள் இருவர் கன்னடத்தில் யாருடைய வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கோ என்ன புடவை கட்டலாம் என்று பேசிக்கொண்டார்கள். "அந்தப் பச்சை வேண்டாம், போன தடவையும் அதுதான்" என்றார் ஒருவர். அதைப் பிடித்துக்கொண்டேன். புடவையைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றால் என் கண் இன்னும் கைவிட்டுப் போகவில்லை. அவர்கள் பேச்சை நிறுத்தியபோது மூச்சு முட்டியது. அப்போது மத்ரா கடற்கரையை எடுத்துக்கொண்டேன். மீன் மார்க்கெட்டில் ஆரம்பித்து ஒவ்வொரு வளைவாக, எங்கே மிதிப்பேன், எங்கே விடுவேன் என்று மனதுக்குள்ளேயே ஓட்டினேன். மூன்று தடவை போய்வந்த பிறகு துணியை எடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் பார்த்த பெங்களூர், எஸ்தர் வீட்டுச் சிவப்புச் சிமென்ட் தரை. ஊர் சுற்றிப் பார்த்து எழுதுகிறவர்கள் கோபுரமும் பூங்காவும் எழுதுவார்கள். என்னிடம் இருப்பது கால்கள். நாற்காலியில் உட்கார்ந்து, மேஜை விளிம்பில் அடுக்கிய தலையணையில் நெற்றியைப் பதித்திருப்பேன். பால்காரருக்குக் கால் பெருவிரலில் நகம் இல்லை. பக்கத்து வீட்டு ஆன்டி வீட்டுக்குள்ளும் ஸாக்ஸ் போட்டிருப்பார். அவர் பைபிளைத் திறந்து எனக்காக ஜெபம் செய்வார். முடிந்ததும் அதே மூச்சில் தெருவில் ரோடு தோண்டிப் போட்டிருப்பதைத் திட்டுவார்.

சாப்பாடு பெரிய பாடு. குனிந்தபடி இட்லியை வாய்க்குக் கொண்டுபோனால் அது மடியில் விழும். எஸ்தர் சாம்பாரை ஆறவைத்து டம்ளரில் ஊற்றி ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தாள். "கல்யாண வீட்ல இப்படிக் குடுத்தா ஊரே பேசும்" என்றாள். சிரிக்கவும் பயம். தும்மலுக்கு அதைவிடப் பயம். தும்மினால் ஒட்டியது பிரிந்துவிடுமோ? மூக்கு அரித்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தேன். ஒருநாள் எதிர் வீட்டில் மிளகாய் வறுத்தார்கள். எஸ்தர் ஓடி ஓடி எல்லா ஜன்னலையும் சாத்தியபோது, அவளும் என்னைப் போலவே பயந்துகொண்டிருக்கிறாள் என்று அந்தக் கால்களின் வேகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

மஸ்கட்டிலிருந்து மேனேஜர் பேசினார். நல்ல மனிதர்தான். "எப்போ வருவே?" என்று கேட்டார். பிறகு, கொஞ்சம் தயங்கி, "லேபிள் எல்லாம் படிக்க முடியுமில்ல?" என்றார். ஸ்டோர் கீப்பருக்குக் கண்தான் சம்பளம். முடியும் சார் என்று தரையைப் பார்த்துச் சொன்னேன்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, பழக்கமில்லாத நீலச் செருப்புகள் வாசலில் கழன்றன. கூடவே ஒரு மெல்லிய கிணுகிணுப்பு. ரேவதி மடக்கிய சைக்கிளைத் தூக்கி வந்து, என் நாற்காலிக்கு முன்னால், முகத்துக்கு நேர் கீழே வைத்தார்.

"இப்படி வெச்சாதான் உங்களுக்குத் தெரியும்னு எஸ்தர் மேடம் சொன்னாங்க."

வலது கண்ணால் பார்த்தேன். மஞ்சள் சட்டம், குட்டிச் சக்கரம், ஆட்டோ உரசிய இடத்தில் புதிய கோடு. கையை இறக்கி மிதியைத் தள்ளினேன். கரகரவென்று சுற்றியது. நின்றதும் திரும்பவும் தள்ளினேன்.

"விளம்பரத்த நான் போட்டிருக்கவே கூடாது சார்" என்றார் ரேவதி. "நீங்க விழுந்ததும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இந்த வண்டிக்கே ராசியில்லன்னு."

"நீங்க போடலன்னா நான் மஸ்கட்லயே இருந்திருப்பேன். கொசுன்னு நெனச்சு ஒரு மாசம் கை வீசிட்டிருந்திருப்பேன்."

அந்தக் கால்கள் நாற்காலிக்கு அருகே நின்றன. "தினமும் கனவுல அந்த டெம்போ சத்தம் கேக்கும் சார். இப்ப நீங்க விழற சத்தமும் சேந்துருச்சு" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. பயந்தவனிடம் போய் யார் தைரியம் கேட்பார்கள்? கால்வண்டிக் கதையைச் சொன்னேன். முழங்கால் இடித்த இடத்தில் அவர் சிரித்துவிட்டார். வண்டியை என்னிடமே விட்டுப்போனார். அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். மழை நாளில் ஒருமுறை சூடான அக்கி ரொட்டி, அரிசி மாவில் தட்டியது, கட்டிக்கொண்டு வந்தார். முகத்தை நிமிர்த்த அனுமதி கிடைத்த பிறகு நான் முதலில் பார்த்த வெளி மனிதர் அவர்தான். அந்த வாரம் முழுக்க நான் மனதில் வைத்திருந்த முகம் வேறு. இவர் அதைவிடக் களைத்திருந்தார்.

கட்டு அவிழ்த்ததும் நல்ல செய்தி மட்டும் வரவில்லை. இடது கண் ஒட்டிவிட்டது. வலது கண்ணையும் சோதித்த டாக்டர், "இங்கயும் ரெண்டு இடம் மெலிஞ்சிருக்கு" என்றார். இருக்கிற ஒன்றும் போனால்? அன்றே லேசர் வைத்தார்கள். பச்சை ஒளி ஒவ்வொரு முறை பாய்ந்தபோதும் இதுதான் கடைசியாகப் பார்க்கிற நிறமோ என்று நினைத்தேன். வெளியே வந்து எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டு ஆட்டோ ஏறியபோது, மழை நின்ற தெருவில் இளநீர்க் கடையும் டிராஃபிக் போலீஸும் நாயும் தெரிந்தன. ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தேன். ஓட்டுநர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இடது கண்ணுக்குள் வாயுக்குமிழி தண்ணீர் மட்டம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. நடந்தால் அலையடிக்கும். நாளுக்கு நாள் சுருங்கி, பட்டாணி அளவாகி, ஐந்தாவது வாரம் ஒரு காலை காணாமல் போனது. பார்வை திரும்பி வந்தது, ஆனால் அப்படியே வரவில்லை. கதவு நிலை நடுவில் வளைந்தது. அந்த மஞ்சள் வண்டியை இடது கண்ணால் மட்டும் பார்த்தால் சக்கரம் வட்டமாக இல்லை, கோழிமுட்டை மாதிரி இருந்தது. கொஞ்சம் சரியாகலாம், முழுக்கச் சரியாகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். லேபிள் படிக்கலாம். விமானம் ஏறலாம். சைக்கிள் மூன்று மாதத்துக்குக் கூடாது. அதன் பிறகும் கூட்டமான சாலையில் வேண்டாம்.

மேனேஜர், "வா, பாத்துக்கலாம்" என்றார். அந்த இரண்டு வார்த்தையில் எத்தனை நாள் வேலை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. பயண நாள் முடிவானது.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு காலை ரேவதியை ஆட்டோவில் வரச் சொல்லி, வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் மறுத்தார், நான் விடவில்லை, கடைசியில் ஒப்புக்கொண்டார். எஸ்தர் ஆட்டோ பிடிக்கப் போனை எடுத்தாள். ரேவதி வாசலில் நின்று கொக்கியைத் தளர்த்தி, வண்டியை விரித்து, சீட்டை உயர்த்தினார். பிறகு அதைத் திரும்ப இறக்கினார்.

"ஆட்டோ பேடா, வேண்டாம் மேடம்" என்றார். "ஓட்டிட்டே போறேன்."

வேண்டாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஓல்ட் மெட்ராஸ் ரோட்டை அவர் தாண்டியாக வேண்டும். தேவாலயத்துக்குப் போகிற கூட்டம், பஸ், டெம்போ. அவர் பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார். நான் கேட்டைத் திறந்துவிட்டேன். பதினாறு அங்குலச் சக்கரத்தில் ஏறி, ஒரு காலைத் தரையில் உந்தி, முதலில் தடுமாறி, பிறகு நேராகிப் போனார். தெருமுனையில் கையை நீட்டித் திரும்பினார். கரகரச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

கேட்டிலேயே நின்றேன். எஸ்தர் கொண்டுவந்த டீ ஆறிப்போனது. கால் மணி நேரம், அரை மணி நேரம். எங்கேயோ ஒரு டெம்போ நீளமாக ஹாரன் அடித்தபோது கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். என் கண்ணுக்காகக்கூட இப்படிப் பயந்தேனா என்று தெரியவில்லை. "போன் பண்ணிப் பாரேண்ணா" என்றாள் எஸ்தர். ஓட்டிக்கொண்டிருக்கும்போது எடுத்துத் தொலைத்தால்? பண்ணவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து போன் அடித்தது. எடுத்தால் வெறும் இரைச்சல், மூச்சு வாங்கும் சத்தம். "சார்... சார், எங்க வீட்டுத் திருப்பம் தாண்டிட்டேன். இந்திரா நகர் வந்துட்டேன். நிறுத்தணும்னே தோணல சார்."

"சரி, போனை வைங்க, ரோட்டப் பாருங்க" என்று கத்தினேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

என் மறு கை இன்னும் கேட்டுக் கம்பியை விடவில்லை. எஸ்தர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீடு போய்ச் சேந்துட்டாங்களாண்ணா?"

"இல்ல" என்றேன். "இன்னும் ஓட்டிக்கிட்டிருக்காங்க."